மேசை மேல் தெமோதரை: குட்டிக் கோச்சி மக்கர் பண்ணும்போது எங்கே கை வைப்பது?

இலங்கை மலைநாட்டில் பதுளைக்குப் போகிற கோச்சி, அதாவது ரயில், தெமோதரை ஸ்டேசனை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, கடைசியில் தான் நின்றுவிட்டு வந்த அதே ஸ்டேசனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்ததாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, தலைப்பாகையை விட நல்ல படம் இதற்குக் கிடையாது.

அந்தச் சுற்றைத்தான் நான் மேசையில் மொடல் ரயிலாகக் கட்டினேன். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஒன்று, லயத்துக் காம்பராவை (தோட்டத்து வரிசை வீட்டு அறையை) ஒட்டி இறக்கிய தகரக் கூரைச் சாய்ப்பு, எச்.ஓ. அளவு எஞ்சின் ஒன்று, பெட்டி ஐந்து. எச்.ஓ. என்றால் 87இல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் நாட்டு அகலப் பாதை 1676 மி.மீ. என்பதால் கணக்குப்படி 19.3 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் கடையில் எளிதாகக் கிடைப்பது 16.5தான். பார்க்கக் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். அதற்காகக் கவலைப்பட்டால் ஒரு நாளும் கோச்சி ஓடாது.

கட்டி முடித்த பிறகு ஓடவில்லை. முதல் ஆறு மாதம் எஞ்சினைத்தான் திட்டினேன், எஞ்சினைத்தான் கழற்றினேன். பல் சக்கரம் ஒன்றைத் தொலைத்ததுதான் மிச்சம். பிறகு ஒவ்வொரு கோளாறாகத் தேடிப் பிடித்தபோது, பாதையும் பலகையும் வயரும்தான் மாறி மாறி மாட்டின. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடைசிவரை திருப்புளியை எஞ்சின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி. ஒரே இடத்தில் நடக்கிறதா, எங்கு வேண்டுமானாலும் நடக்கிறதா? ஒரே வண்டிக்கு நடக்கிறதா, எல்லா வண்டிக்கும் நடக்கிறதா? ஒரே இடம், எல்லா வண்டி என்றால் பாதை. எல்லா இடம், ஒரே வண்டி என்றால் வண்டி. ஒரு பென்சிலை எடுத்து, கோளாறு நடந்த இடத்தில் பலகையிலேயே ஒரு கீறு போட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு மாலை ஓட்டினால் போதும், கீறுகள் எங்கே குவிகின்றன என்று கண்ணுக்கே தெரியும்.

கோச்சி மேடு ஏறவில்லை

முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்றால் பிடிமானம் போதவில்லை. சக்கரமும் நின்று, எஞ்சின் லைட்டும் மங்கினால் அது கரண்ட் பிரச்சினை. கீழே வேறு தலைப்பில் சொல்கிறேன்.

சக்கரம் சுழல்கிற கேஸ் என்றால் ஏற்றத்தை அளக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள். ஒரு மீற்றர் நீளமான நேர்ச்சட்டத்தைத் தண்டவாளத்தின் மேல் வையுங்கள், மேலே ஸ்பிரிட் லெவல். பள்ளப் பக்க முனையைக் குமிழ் நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளி 23 மி.மீ. என்றால் ஏற்றம் 2.3 வீதம். வளைவில் ஒரு மீற்றர்ச் சட்டம் நிற்காது, 20 செ.மீ. துண்டு வைத்து ஐந்தால் பெருக்குங்கள்.

உண்மையான மலைநாட்டுப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1, அதாவது ஏறக்குறைய 2.3 வீதம். நிஜ எஞ்சினே அதில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பட்டிப்பொலைக்கு ஏறுகிறது. என் மேசையில் எவ்வளவு இருந்தது தெரியுமா? கணக்கைப் பாருங்கள். சுரங்கத்துக்குள் வண்டி போக 60 மி.மீ. உயரம், சுரங்கத்துக்குக் கூரையாக 9 மி.மீ. பிளைவுட், அதன் மேல் கார்க்கும் தண்டவாளமும் சேர்ந்து 6 மி.மீ. ஆகக் கீழ்த் தண்டவாளத்துக்கும் மேல் தண்டவாளத்துக்கும் 75 மி.மீ. வித்தியாசம் வேண்டும். வளைவின் ஆரை 457 மி.மீ., அதாவது 18 அங்குலம். ஒரு முழு வட்டத்தின் சுற்றளவு 2870 மி.மீ. 75ஐ 2870ஆல் வகுத்தால் 2.6 வீதம்.

"அவ்வளவுதானே, நிஜத்தை விடக் கொஞ்சம்தானே கூட" என்று நினைத்தேன். வளைவை மறந்துவிட்டேன். வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசுவதும் ஒரு ஏற்றம் மாதிரிதான். மொடல் கட்டுகிறவர்களிடையே புழங்கும் ஒரு கணக்கு உண்டு: 32ஐ ஆரையின் அங்குலத்தால் வகுத்தால் வருவதை ஏற்ற வீதத்தோடு கூட்ட வேண்டும். 18 அங்குலத்துக்கு 1.8. ஆக எஞ்சினுக்குத் தெரிவது 2.6 இல்லை, 4.4 வீதம். ஐந்து பெட்டியோடு அது ஏறாதது எஞ்சின் குற்றமா?

அடுத்து நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரும் செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஏற்றத்தை இன்னும் ஒரு மீற்றர் முன்னாலிருந்தே ஆரம்பித்தால் சாய்வு குறையும் என்று, சுற்றுக்கு வெளியே இருந்த பாதையை எல்லாம் பிரித்து மறுபடி போட்டேன். இரண்டு வார வேலை. ஒரு பிரயோசனமும் இல்லை. ஏன்? பாதை தன்னைத் தானே கடக்கும் புள்ளி ஒன்றுதான். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பி அதே புள்ளிக்கு மேலே வருவதற்கு இடையில் இருப்பது சுற்று மட்டும்தான். 75 மி.மீ. உயரத்தையும் சுற்றுக்குள்ளேயேதான் ஏற வேண்டும். வெளியே எவ்வளவு இழுத்தாலும் உள்ளே குறையாது.

ஆகவே சுற்றைத்தான் பெரிதாக்க வேண்டும். வட்டத்தை நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் 600 மி.மீ. நேர்ப்பாதை சேர்த்து, நீள்வட்டமாக்கினேன். அகலம் அதே 3 அடிதான், நீளம் 5 அடி. எட்டுக்கு நாலில் தாராளமாக உட்காரும். இப்போது சுற்றின் நீளம் 4070 மி.மீ. ஏற்றம் 1.8 வீதமாக இறங்கியது. அதிலும் ஒரு சூட்சுமம்: நேர்ப்பாதையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுங்கள், வளைவில் குறையுங்கள். நேரில் 2.5 வீதம் வைத்தால் 1200 மி.மீ.இல் 30 மி.மீ. ஏறிவிடும். மிச்சம் 45 மி.மீ.ஐ வளைவுகளில் 1.6 வீதத்தில் ஏறலாம். வளைவுக்கான 1.8ஐக் கூட்டினாலும் 3.4தான். நிஜ ரயில் பாதை போடுகிறவர்களும் வளைவில் ஏற்றத்தைத் தளர்த்துவது வழக்கம்.

ஒரு விசயம் கவனிக்கணும். ஸ்டேசன் இருக்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்றி விட்ட பெட்டி தானாகவே பதுளைக்குப் புறப்பட்டுவிடும். அந்தச் சமதளம் சுற்றுக்குள் விழுந்தால் ஏறுவதற்கான நீளம் குறையும். அதனால் பிளாட்பாரத்தைச் சுற்றுக்கு வெளிப்பக்கம், எல்ல ஸ்டேசன் இருக்கும் திசையில் நீட்டிக் கட்டிவிடுங்கள்.

பலகையை மாற்ற முடியாது என்றால் பெட்டியைக் குறையுங்கள். நாலு பெட்டி, மூன்று பெட்டி. எஞ்சின் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அது காய்ந்து வழுக்கிப்போயிருக்கிறதா பாருங்கள். பெட்டி ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றத்தில் வைத்து விடுங்கள். தானாக உருண்டு வராத பெட்டி மற்ற நாலின் சுமையையும் சேர்த்துக் கொடுக்கும். அச்சு முனையில் சிக்கிய தலைமுடிதான் பல நேரம் காரணம். எங்கள் வீட்டில் பூனை முடி.

மேடு தொடங்கும் இடத்தில் பெட்டி கழன்றுவிடுகிறது

சமதளத்திலிருந்து ஏற்றத்துக்கு ஒரேயடியாக மடங்கினால் ஒரு பெட்டியின் கொக்கி மேலே போகும், மற்றதன் கொக்கி கீழேயே நிற்கும். கழலாமல் என்ன செய்யும்? ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்காவது மெதுவாக வளைந்து ஏற வேண்டும். பிளைவுட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டாமல், பாதையின் இரண்டு ஓரத்திலும் வாள் போட்டு, முனையைப் பலகையோடு விட்டபடியே மேலே தூக்கி முட்டுக் கொடுத்தால் மரமே அந்த வளைவைத் தந்துவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது, லைட் மினுக்குகிறது

மூன்று விதமாக இது வரும். ஒரே இடத்தில் நின்றால் இணைப்பு. எங்கு பார்த்தாலும் விக்கி விக்கி ஓடினால் அழுக்கு. பாதைக்குக் கரண்ட் கொடுக்கும் கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வேகம், தூரத்தில் மந்தம் என்றால் வயர்.

அழுக்கில் தொடங்குவோம், அதுதான் சுலபம். ஹட்டன், நானுஓயாப் பக்கம் மிசுட்டு (மூடுபனி) கதவு திறந்தாலே வீட்டுக்குள் வந்துவிடும். ஈரம், அடுப்புப் புகை, தூசி மூன்றும் சேர்ந்து தண்டவாளத் தலையில் கறுப்பாகப் படியும். பழைய பனியன் துணியை ஒரு மரத்துண்டில் சுற்றி, வைட் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரைக்கும். கரண்டை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, துணி நனையும் அளவுக்கு மட்டும். சிலிப்பர் கட்டைகள் பிளாஸ்டிக், அவற்றில் ஊற்றாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்த அன்று பளபளப்பாக ஓடும். அந்தக் கீறல்களுக்குள் அழுக்கு போய்க் குடியிருக்கும், அடுத்த மாதம் இரட்டிப்பாகத் தேய்ப்பீர்கள். எஞ்சின் சக்கரத்துக்கு: நனைத்த துணியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு பக்கச் சக்கரங்களைத் துணி மேலும் மறு பக்கத்தை வெறும் தண்டவாளத்திலும் வைத்துப் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். திருப்பி வைத்து மறு பக்கம்.

வயர் கோளாறுதான் ஆளை ஏமாற்றும். மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பீர்கள், கொன்ட்ரோலர் அருகில் 12 வோல்ட், மூலையிலும் 12 வோல்ட். எல்லாம் சரி என்று நினைத்து எஞ்சினைக் கழற்றுவீர்கள். கரண்ட் எதுவும் ஓடாதபோது வோல்ட் குறையாது. சுமை ஏறினால்தான் குறையும். தண்ணீர்க் குழாய் மாதிரிதான்: பைப்பை மூடி வைத்திருக்கும்போது கடைசி லயத்திலும் அழுத்தம் இருக்கும், திறந்தால்தான் யார் வீட்டுக்கு வரவில்லை என்று தெரியும்.

அதற்கு ஒரு மலிவான கருவி: த்ரீவீலர் சிக்னல் பல்பு, 12 வோல்ட் 10 வாட். இரண்டு வயர் வைத்து, கொன்ட்ரோலரை முழுக்கத் திருப்பி, பாதையில் இடம் இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும், ஆகவே உங்கள் கொன்ட்ரோலர் ஒரு ஆம்பியராவது தருமா என்று முதலில் பாருங்கள். பல்பு எங்கே மங்குகிறதோ அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கள்ளன். பல்பு எரியும்போது மீற்றரையும் வைத்தால் இலக்கமாகவே தெரியும். என் மேசையில் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் 8.5 வோல்ட்தான் இருந்தது.

காரணம், தண்டவாளத்தை இணைக்கும் தகட்டு ஜாயின்டர்களை நம்பியது. அவை தண்டவாளம் விலகாமல் பிடிப்பதற்கு. கரண்ட் கடத்துவதற்கு என்று நம்பினால் ஒரு மழைக்காலம் வரைக்கும்தான். பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1/1.13 வயரை இரண்டு நிறத்தில் சுற்றி ஓட விடுங்கள். ஒவ்வொரு மீற்றருக்கும் ஒருமுறை அதிலிருந்து மெல்லிய வயரைத் தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். தண்டவாளத்தைச் சுத்தமாகச் சுரண்டி, பிளக்ஸ் தடவி, சூடான அயனை இரண்டு செக்கன் வைத்து எடுத்துவிட வேண்டும். அதிக நேரம் வைத்தால் சிலிப்பர் கட்டை உருகிவிடும்; இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் பயமில்லை. எந்த நிறம் எந்தத் தண்டவாளம் என்பதைத் தொடக்கத்திலேயே பலகைக்கு அடியில் எழுதிவிடுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று சொன்னவன் நான்தான்.

தடம் புரள்கிறது

மருமகன் ஒருநாள், "மாமா, இந்தப் பெட்டி மட்டும் எந்த நாளும் விழுது, பாதைக்கு ஏன் ஏசுறீங்க?" என்றான். பன்னிரண்டு வயதுப் பையன் கேட்ட கேள்வி. மேலே சொன்ன இரண்டு கேள்வியில் பாதி அவனுடையது.

அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஜோடிச் சக்கரம் அச்சில் நகர்ந்து உள்ளே போயிருந்தது. சக்கரங்களின் உட்புறத்துக்கும் உட்புறத்துக்கும் இடையே 14.4 மி.மீ. இருக்க வேண்டும், வேர்னியர் இடுக்கிமானி இருந்தால் அளக்கலாம். மெதுவாக முறுக்கி இழுத்தால் சக்கரம் நகரும். இரண்டு சக்கரமும் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது எடை. பாரமில்லாத பெட்டியை வளைவில் இழுத்தால் நூல் இழுத்த மாதிரி உள்பக்கம் சாய்ந்து விழும். வண்டித் தொடரின் நடுவில் உள்ளது உள்பக்கமாக விழுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான். எச்.ஓ. பெட்டிக்கு அமெரிக்க மொடல் சங்கத்தின் பரிந்துரை, அடிப்படை ஒரு அவுன்சு, அதற்கு மேல் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்சு. ஆறு அங்குலப் பெட்டிக்கு நாலு அவுன்சு, 113 கிராம். பெட்டிக்குள் இரும்பு வாசர்களைத் தரையோடு ஒட்டிவிடலாம். கூரையில் ஒட்டாதீர்கள், தலைப்பாரம் ஆகிவிடும். ஏற்றம் கடுமையாக இருந்தால் இந்த எடையே எஞ்சினுக்கு எதிரியாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அதனால்தான் ஏற்றத்தை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

ஒரே இடத்தில் எல்லாம் விழுந்தால் குனியுங்கள். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, டோர்ச் லைட்டைத் தாழப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வளைவில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன முழங்கை மடிப்பு தெரியும். வளைத்த பிறகு இணைத்ததால் வந்தது. நெளியும் பாதையாக இருந்தால், இரண்டு துண்டையும் நேராக வைத்து ஈயத்தால் பற்றவைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றாக வளைத்தால் மடிப்பு வராது.

இடது வளைவு முடிந்த உடனே வலது வளைவு போட்டிருந்தால் நடுவில் ஒரு பெட்டி நீளமாவது நேர்ப்பாதை கொடுங்கள். பொயின்ட்டில், அதாவது பாதை பிரியும் இடத்தில், விழுந்தால் நகரும் நாக்கு முழுதாகப் போய் ஒட்டுகிறதா பாருங்கள். சல்லி ஒட்டும்போது உள்ளே போன ஒரே ஒரு மணல் பருக்கை போதும். சல்லி போடும் முன் பொயின்ட்டின் நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவி வைத்தால் மரப்பசை அங்கே பிடிக்காது. நான் இதைச் செய்யாமல் ஒரு பொயின்ட்டை அப்படியே கல்லாக்கிவிட்டேன்.

நேற்றுவரை ஓடியது, மழை தொடங்கியதும் எல்லாம் கோணல்

இதுதான் நம்மூருக்கே உரிய நோய். வெளிநாட்டு வழிகாட்டிகளில் தண்டவாளம் சூட்டில் நீளும், அதனால் இடைவெளி விடுங்கள் என்று எழுதியிருக்கும். நீளும்தான். ஆனால் எவ்வளவு? நிக்கல் சில்வர் தண்டவாளம் 3 மீற்றர், காலைக்கும் மத்தியானத்துக்கும் 15 பாகை வித்தியாசம் என்று வைத்தாலும் 1 மி.மீ.க்கு உள்ளேதான். தகரக் கூரைக்குக் கீழே பெப்ரவரி மத்தியானத்தில் அந்த வித்தியாசம் வரத்தான் செய்யும். ஒன்றிரண்டு இணைப்புகளை ஈயம் வைக்காமல், தடித்த விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விட்டுவைத்தால் அது தீர்ந்தது.

மரம் வேறு கதை. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கி ஹட்டன் பக்கம் செப்டம்பர் வரைக்கும் விடாது. அந்த ஈரத்தைச் சட்டமும் பிளைவுட்டும் குடித்துக் குறுக்கே ஊதும், முறுக்கும். ஜனவரியில் காய்ந்து சுருங்கும். அப்போது தண்டவாளம் பழைய நீளத்தில் நிற்க, பலகை கீழே குறுகிவிடுவதால், பாதை பாம்பு மாதிரி நெளியும். நெளிந்தது தண்டவாளம் என்பதால் தண்டவாளத்தைக் குற்றம் சொல்கிறோம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு நேர்மாறு: அந்தத் தென்மேற்கு மாதங்களில் அவர்களுக்குக் காய்ந்த காலம், வருடக் கடைசியிலும் தையிலும் மழை. ஒரே பலகையை ஹட்டனில் செய்து பண்டாரவளைக்குக் கொண்டு போனால் இரண்டு மாதத்தில் வேறு பலகையாகிவிடும்.

மருந்து: பாதை போடும் முன்னமே பிளைவுட்டின் மேல், கீழ், நாலு ஓரம் எல்லாவற்றுக்கும் வார்னிஸ் இரண்டு கோட். மேலே மட்டும் அடித்தால் அடியில் ஈரம் குடித்து மேல்நோக்கி வளையும். அடிக்காததை விட மோசம். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்று பச்சை அல்பீசியாவை அறுத்துச் சட்டம் போடாதீர்கள். பலகை லேசாக, அழகாக இருக்கும். காயக் காய முறுக்கும். நன்றாகக் காய்ந்த பழைய மரம் — உடைத்த கதவு நிலை, பெட்டி மரம் — எதுவானாலும் அதை விட நல்லது. ஏற்கெனவே முறுக்கிவிட்டதா? மழைக்காலத்தில் திருத்தாதீர்கள். காயும் மாதம் வரட்டும், பிறகு முட்டுகளுக்கு அடியில் மெல்லிய சீவல் வைத்து மட்டம் பாருங்கள். ஜூலையில் திருத்தியதை நான் பிப்ரவரியில் திரும்பவும் திருத்தினேன்.

சுவிட்சைப் போட்ட உடனே கொன்ட்ரோலர் அணைந்துவிடுகிறது

இரண்டு தண்டவாளமும் எங்கோ தொடுகின்றன. முதலில் மேசை மேல் திருப்புளி, குறடு, தேக்கரண்டி எதுவும் கிடக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள்.

தெமோதரைச் சுற்றைப் பார்த்து, "பாதை தன்னையே சுற்றி வருகிறதே, அதனால் பிளஸ் மைனஸ் மோதுகிறது" என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. ஒரு தண்டவாளத்தில் விரலை வைத்து, எடுக்காமல் கடைசி வரை போய்ப் பாருங்கள். உள்பக்கத் தண்டவாளம் உள்பக்கமாகவே போகும். மேலே ஏறிப் போகிறதே தவிர மற்றதோடு சேரவே சேராது. மோதுவது எப்போதென்றால், கிளம்பிய பாதைக்கே பொயின்ட் வைத்து எதிர்த் திசையில் திரும்பச் சேர்க்கும்போதுதான், அதாவது வண்டியைத் திருப்புவதற்கான மடக்கு. அப்படி ஒன்று வைத்திருந்தால் அந்த மடக்கின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரித்து, அதற்குத் தனிச் சுவிட்ச் கொடுக்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் பாதிப் பாதியாகத் தேடுங்கள். அடி வயரை நடுவில் கழற்றி, அந்த இடத்தில் தண்டவாள ஜாயின்டர்களையும் விலக்குங்கள். கொன்ட்ரோலர் அணையாமல் இருந்தால் கோளாறு கழற்றிய பாதியில். இல்லையென்றால் இந்தப் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். நாலு தடவையில் ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிடும். இலக்கமுறைக் கொன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் கட்டி முடித்ததும் ஒரு நாணயத்தைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு மூலையிலும். உடனே அணைய வேண்டும். அணையாத மூலையில் வயர் போதவில்லை. அங்கேதான் ஒருநாள் எஞ்சின் உருகும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட்டின் அடப்டரில் 120 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால் நம்முடைய 230இல் குத்தாதீர்கள். கட்டாரிலிருந்து மச்சான் யாரிடமோ வாங்கி அனுப்பியது அப்படி ஒன்று. ஒரு சத்தம், ஒரு நாற்றம், முடிந்தது. 230 பக்கம் எதையும் நாமே பிரித்துத் திருத்தவும் வேண்டாம். மூடிய அடப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டோடு நம் வேலை நிற்கட்டும்.

சுரங்க வாயில் பெட்டி இடிக்கிறது, உள்ளே மாட்டிக்கொள்கிறது

நீளப் பெட்டி வளைவில் போகும்போது நடு வயிறு உள்ளே தள்ளும், மூலைகள் வெளியே வீசும். 240 மி.மீ. பெட்டி, போகிகளுக்கு (பெட்டிக்கு அடியில் உள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு) இடையே 170 மி.மீ., ஆரை 457 என்றால் உள்ளேயும் வெளியேயும் தலா 8 மி.மீ. அளவு கூடுதலாக இடம் வேண்டும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலமும் வளைவில்தான் நிற்கிறது. அதன் கைப்பிடிச் சுவரைக் கட்டும்போதும் இதே கணக்கு. கணக்குப் பிடிக்காதவர்கள் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் நடுவிலும் மூலையிலும் பென்சிலை டேப்பால் ஒட்டிக் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். பலகையில் விழும் கோட்டுக்கு வெளியே சுவர் வையுங்கள்.

சுரங்கத்துக்குள் வண்டி மாட்டினால் என்ன செய்வது? கை போகுமா என்று மலையைக் கட்டும் முன் பாருங்கள். என் மலையை ரெஜிபோமில் (தெர்மாகோலில்) செதுக்கி, பலகையோடு ஒட்டிவிட்டேன். முதல் வாரமே நடுச் சுரங்கத்தில் பெட்டி விழுந்தது. மருமகனின் கை முழங்கை வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. மலையை வாள் போட்டு வெட்டினோம். இப்போது அது தொப்பி மாதிரி தூக்கி வைக்கும் மலை. வெட்டுக் கோட்டை ஒரு தோட்டத்து ரோட்டு மறைக்கிறது. ரெஜிபோமுக்கு ஸ்பிரே பெயின்ட் நேரடியாக அடிக்காதீர்கள், கரைந்து குழியாகிவிடும். தண்ணீரில் கலக்கும் எமல்சன் அடித்து மூடிய பிறகு எது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

தேயிலை மலையில் பூஞ்சணம்

குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காய வைத்துச் சலித்தால் மண்ணுக்கு அதை விட நல்ல நிறம் கிடையாது. காசும் இல்லை. நான் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் காய்ந்தது என்று நினைத்துத் தூவி, தண்ணீர் கலந்த மரப்பசை ஊற்றினேன். ஆனியில் மலை முழுக்க வெள்ளைப் பஞ்சு.

வந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி. மேலே பெயின்ட் அடித்தால் அடியிலிருந்து திரும்ப வரும். இப்போது சக்கையை இரண்டு தடவை சுடுநீரில் அலசி, சாயம் இறங்குவது நின்ற பிறகு அடுப்பில் வெறும் தாச்சியில் மொறுமொறு என்று ஆகும்வரை வறுக்கிறேன். பசை ஊற்றிய பிறகு காற்றாடியை ஒரு இரவு முழுக்க ஓட விடுகிறேன். சாய்ப்புக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்தாகிவிட்டது. மூடி வைத்த அறையில் எதைச் செய்தாலும் பூஞ்சணம் ஜெயிக்கும்.

தேயிலைச் செடிக்குச் சக்கை வேண்டாம், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சைத் துண்டாக வெட்டி, பச்சை பெயின்ட்டில் தோய்த்துப் பிழிந்து காய வையுங்கள். வரிசையை மேலிருந்து கீழாக ஒட்டாதீர்கள். மலையின் வளைவோடு, குறுக்காகப் போக வேண்டும். இடையிடையே நிழலுக்குச் சவுக்கு (சில்வர் ஓக்) மரம்.

சுரண்டிய இடம் என் மலையில் ஒரு சாண் அகலத்துக்கு மொட்டையாகக் கிடந்தது. திரும்பவும் செடி ஒட்ட மனம் வரவில்லை. காய்ந்த துடைப்பக் குச்சிகளை ஒரு செ.மீ. அளவு நறுக்கி வரிசையாக நட்டு, அதைக் கவாத்து மலையாக, அதாவது தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்ட மலையாக, ஆக்கிவிட்டேன். பார்க்க வந்த தோட்டத்து ஆட்கள் முதலில் கேட்டது கோச்சியைப் பற்றி இல்லை. "இது எந்த நம்பர் மலை? எப்ப கவாத்து வெட்டினது?"